இருபதாவது சொல்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். விளக்கி முடித்ததும் அவர்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். "இதெல்லாம் ஒரு வேலையா?" வங்காளத் தலைநகரில், கரியாஹாட்டில் நாங்கள் இருக்கும் கட்டிடத்தில் மாடிக்கு ஒருவராகக் கேட்டு முடித்துவிட்டார்கள். வாய்விட்டுக் கேட்காதவர் என் வீட்டுக்காரர் மட்டும்தான். அவர் சாது, மனதுக்குள் கேட்டுக்கொள்கிறார்.

வேலை இதுதான். காலையில் எழுந்ததும் கைப்பேசியில் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றைக் கண்டுபிடித்து விளையாடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆறு முறைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாலு முறை தப்பாகப் போட்ட பிறகு கையில் இரண்டு எழுத்து இருக்கும், மற்றது பிடிபடாது. பல் கூடத் தேய்க்காமல் இணையத்தில் தேடுவார்கள்: 'ஓ-வும் டி-யும் வரும் ஐந்தெழுத்துச் சொற்கள்.' தேடினால் ஒரு பக்கம் திறக்கும். அதில் சொற்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரியில் பொருள் இருக்கும். அந்தப் பக்கங்களை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. சால்ட் லேக் செக்டர் ஃபைவில், ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் நாலாவது மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மகள் பிறந்த பிறகு பத்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு இந்த வேலைக்குப் போனேன். பள்ளிக்கூடப் படிவத்தில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் என் மகள் 'ஹவுஸ்வைஃப்' என்று எழுதிக்கொண்டிருந்தவள், அந்த வருடம் 'வேர்ட் ரைட்டர்' என்று எழுதினாள். அப்படி ஒரு தொழில் உலகத்தில் கிடையாது. நான் திருத்தவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆபீசில் ஒரு விதி உண்டு. ஒரு பக்கத்துக்குக் குறைந்தது இருபது சொற்கள் வேண்டும். இருபது வரி நிரம்பும்வரை அந்தத் தாள் கணினியில் சிவப்பாகவே இருக்கும். இருபதாவது வரியை நிரப்பியதும் பச்சையாகும், பக்கம் தானாக இணையத்தில் ஏறிவிடும். ஒருவர் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தாள்களைப் பச்சையாக்க வேண்டும். சொல் சரியா, பொருள் சரியா என்று யாரும் பார்ப்பதில்லை. நிறத்தைத்தான் பார்ப்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு சாயங்காலம் பன்னிரண்டாவது தாளில் மாட்டிக்கொண்டேன். யு-வும் இஸட்-டும் வரும் ஐந்தெழுத்துச் சொற்கள். இந்த இஸட் இருக்கிறதே, அது வேலைக்கு வராத ஆள். எங்கெங்கோ தேடிப் பத்தொன்பது சேர்த்தேன். வானத்தின் நீலத்துக்கு ஒரு சொல், காயத்துக்குக் கட்டும் துணிக்கு ஒரு சொல், கேள்விப்பட்டே இராத ஒரு முட்செடி, பார்த்தே இராத ஒரு கொடி. இருபதாவது கிடைக்கவில்லை. நன்றாகத் தேடினால் கிடைத்திருக்கும். ஆனால் ஐந்தே முக்கால் பஸ்ஸை விட்டால் டியூஷன் வாசலில் மகள் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது என் கை தானாக எம், யு, இஸட், ஹெச், ஐ என்று அடித்தது.

முழி. என் அம்மா என்னைத் திட்டுவதற்கென்றே வைத்திருந்த சொல். கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் வளர்ந்தபோது, பாலைக் கொட்டிவிட்டோ பரீட்சைத் தாளை ஒளித்துவிட்டோ அவள் முன்னால் நிற்பேன். "என்னட்டி முழிக்க? கேக்கேம்லா, வாயத் திற." பதில் எனக்குத் தெரியும், வாய்தான் வராது. அன்று அந்தச் சிவப்புத் தாளின் முன்னால் நான் உட்கார்ந்திருந்ததும் அப்படித்தான். பக்கத்துக் கட்டத்தில் ஆங்கிலத்தில் பொருளும் எழுதினேன்: 'சொல்ல வேண்டியது தெரிந்தும் சொல்ல முடியாமல் நிற்பவரின் பார்வை.' தாள் பச்சையானது. நாளைக்கு வந்து மாற்றிவிடலாம் என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். நாளைக்கு வேறு பன்னிரண்டு தாள்கள் வந்துவிட்டன.

மூன்று வருடம் அதை மறந்தே போனேன்.

மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிகளுக்கு இடையே ஆங்கிலச் சொற்போட்டி ஒன்று வந்தது. பள்ளிக்கு இரண்டு பேர். ஒரு பெட்டியிலிருந்து இரண்டு எழுத்துச் சீட்டு எடுப்பார்கள், அந்த இரண்டு எழுத்தும் வரும் ஐந்தெழுத்துச் சொல்லை அணிகள் மாறி மாறிப் பொருளோடு சொல்ல வேண்டும், சொல்ல முடியாத அணி வெளியேற வேண்டும். என் மகளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அவளுக்குக் கூட்டாளி பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு வங்காளிப் பெண். தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் மகள் வகுப்பில் கையைத் தூக்கிச் சொன்ன ஒரே வாக்கியம்: 'என் அம்மா டிக்‌ஷனரி வேலை செய்கிறாள்.'

அதன்பிறகு வீட்டில் ஒரே சொல்மழைதான். என் மகளின் பேச்சில் முக்கால்வாசி வங்காளம், மிச்சம் ஆங்கிலம். தமிழ் எங்கள் மேல் இரக்கப்பட்டு அவள் இடையிடையே சேர்த்துக்கொள்வது. எழுதப் படிக்கத் தெரியாது. இந்த மூன்றையும் கலந்து குளியலறையிலிருந்தும் சாப்பாட்டு மேசையிலிருந்தும் எனக்குச் சொற்களை ஒப்பிப்பாள். எங்கே படிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஏதோ புத்தகம் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலையில் அடுக்களையில் நின்று அவளுடைய டிபன் டப்பாவைத் தேடிப் பையைத் திறந்தேன். நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வந்தது. திறந்தால் பக்கம் பக்கமாக என் எழுத்து. கையெழுத்து அவளுடையது, வரிகள் என்னுடையவை. அடியில் என் பெயர் போட்டிருக்கும் ஆபீஸ் பக்கங்களை ஒன்று விடாமல் பார்த்து, வரிசை மாறாமல், பொருள் மாறாமல் நகல் எடுத்திருந்தாள். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் 'அம்மா' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒரு கோடு போட்டிருந்தாள். நான் எழுதியவற்றை இந்த உலகத்தில் ஒருத்தி உட்கார்ந்து படித்திருக்கிறாள்.

புரட்டிக்கொண்டே போனேன். யு-வும் இஸட்-டும் வரும் பக்கம் வந்தது. இருபதாவது வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள்.

அவள் அதற்குள் சீருடை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வெட்கப்பட்டாள். எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்த்தாள்.

"இதுதான் அம்மா உன்னோட பெஸ்ட் பேஜ்," என்றாள். "அந்த லாஸ்ட் வேர்ட் இருக்குல்ல, மஸ்ஹி. அது யாருக்கும் தெரியாது. மிஸ்ஸுக்கே தெரியல. நாங்க அத ஃபைனலுக்கு வெச்சிருக்கோம்."

மஸ்ஹி என்றுதான் அவள் படித்திருந்தாள். அதில் ழ இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும். எனக்கு உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. அது தப்பு கண்ணு, அடித்துவிடு, ஒரு சொல்தானே. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவள் முகம் இருந்த இருப்பில் என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவளுக்கு நான் ஹவுஸ்வைஃபாக இருந்த நாட்களில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. வெளியே பள்ளி வேன்காரர் ஹாரன் அடித்தார். அவள் நோட்டை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே ஆபீசில் என் டீம் லீடரிடம் போய் நின்றேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன், என்னை 'திதி' என்று கூப்பிடுவான், அதாவது அக்கா. பழைய பக்கம் ஒன்றில் ஒரு பிழை இருக்கிறது, திருத்த வேண்டும் என்றேன். பழைய பக்கங்களை அவன் அனுமதி இல்லாமல் தொட முடியாது. அவன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. அந்த இரண்டு எழுத்துக்கு யார் தேடினாலும் முதலில் வருவது நம் பக்கம்தான் திதி, என்றான். மற்றவர்களிடம் இல்லாத சொல் ஒன்றை முதலில் போட்டது நாம்தான், அதனால்தான் என்றான். நன்றாக ஓடுகிற பக்கத்தில் யாராவது கை வைப்பார்களா என்று கேட்டான். எந்தச் சொல் தப்பு என்று அவன் கேட்கவில்லை, எனக்குச் சொல்லவும் தைரியம் இல்லை. சொன்னால் வேலை போகும். திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் யாரிடம் போய்ச் சொல்வான்.

இடத்துக்கு வந்து நானே தேடிப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் மட்டும் இருந்தாலாவது பரவாயில்லை. எங்களைப் பார்த்து நகல் எடுக்கும் கம்பெனிகள் எத்தனை உண்டோ அத்தனையிலும் என் அம்மாவின் வசவு உட்கார்ந்திருந்தது. ஆபீசில் புதிதாக வந்திருந்த, கேட்டதை எழுதித் தரும் இயந்திரத்திடமும் கேட்டேன். அது ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. பழைய ரஷ்ய நாட்டுப்புறச் சொல்லிலிருந்து வந்தது என்று வேர் சொல்லி, இரண்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களும் எழுதித் தந்தது. கோவில்பட்டியில் பிறந்த என் அம்மாவின் சொல்லுக்கு அது ரஷ்யாவில் பூர்வீகம் கண்டுபிடித்துவிட்டது. வாக்கியங்கள் நான் எழுதியிருந்தால் வந்திருப்பதைவிட நன்றாகவே இருந்தன.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் இருக்கிறார். எந்தச் சிக்கலையும் கோப்பு மாதிரி விரித்துப் பார்த்து மூடிவிடுவார்.

"இதுக்கா இப்படி உக்காந்திருக்க? பிள்ளகிட்ட சொல்லிரு. கோவிச்சா ரெண்டு நாள் கோவிப்பா."

"நாளைக்குச் சொல்லுதேன்."

"ஆபீஸ்ல ஃபைல நாளைக்கு நாளைக்குன்னு தள்ளாதீங்கன்னு எங்கிட்ட சொல்லுவ. இப்ப நீ தள்ளுத."

"நீங்க சொல்லுங்களேன்."

"எழுதுனது நீ. நான் சொன்னா இன்னும் அசிங்கம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

சொல்லப் பார்க்காமல் இல்லை. ஒரு காலையில் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டே ஆரம்பித்தேன். "அந்த நோட்டுல ஒரு வேர்ட்..." என்றதும் அவள் திரும்பி, "எது, எது? எல்லாத்தையும் கேளு," என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கத் தயாராகிவிட்டாள். இன்னொரு நாள் போட்டிக்கு வெள்ளை ஷூ வாங்க கரியாஹாட் நாற்சந்திக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நடைபாதைக் கடைகளுக்கு நடுவில் போகும்போது அவள் பேச்சோடு பேச்சாக, கூட்டாளிப் பெண்ணின் அம்மா என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறார் என்றாள். அந்த அம்மா கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர். "என் நோட்டப் பாத்துட்டு அந்த காகிமா சொன்னா, ஒங்க அம்மா ரொம்ப லேர்னட்னு." காகிமா என்றால் சித்தி. நான் ஷூவின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ஒரு நம்பர் பெரியதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் நான் கணக்கில் போய் ஒளிந்துகொண்டேன். இருபத்தாறு எழுத்தில் இரண்டு எழுத்து எடுத்தால் முந்நூற்றுச் சொச்சம் ஜோடி வரும். அதில் யு-வும் இஸட்-டும் சேர்ந்து வர வேண்டும். அப்படி வந்தாலும் அவளுடைய முறை வருவதற்குள் மற்றவர்கள் தோற்றுப்போயிருக்கலாம். வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் நேர்ந்துகொண்டேன். பிழையைத் திருத்துவதைவிடப் பிள்ளையாரிடம் பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

போட்டி ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. பெரிய கூடம், பின்வரிசைகளில் பெற்றோர்கள். மேடையில் நரைத்த தலையோடு ஓர் அம்மையார் நடுவராக உட்கார்ந்திருந்தார், முன்னால் தலையணை மொத்தத்தில் அகராதி. என் மகளும் கூட்டாளியும் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டினார்கள். நான் எழுதிய சொற்கள் ஒவ்வொன்றாக அவள் வாயிலிருந்து வந்தன. பொருள் சொல்லும்போது நான் போட்ட வரியை அப்படியே சொன்னாள். அது எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் நான் எல்லாவற்றையும் மறந்துகூடப் போனேன்.

கடைசிச் சுற்றில் இரண்டு அணிகள் மிச்சம். நடுவர் பெட்டிக்குள் கையை விட்டார். முதல் சீட்டு இஸட். கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. இரண்டாவது சீட்டைப் பிரித்து அவர் யு என்று காட்டினார்.

என் மகள் திரும்பிக் கூட்டாளியைப் பார்த்துச் சிரித்தாள். நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

எதிர் அணி வானத்து நீலத்தைச் சொன்னது. இவர்கள் காயத்துணியைச் சொன்னார்கள். அவர்கள் ஒன்று, இவர்கள் ஒன்று. முட்செடி போயிற்று, கொடி போயிற்று. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னும் ஏழெட்டுச் சொற்கள் நோட்டில் பாக்கி இருந்தன, அவற்றில் ஒன்றைச் சொல்லு தாயி என்று உதட்டுக்குள் வேண்டினேன். கூட்டாளிப் பெண் அவள் காதில் ஏதோ சொன்னாள். என் மகள் தலையாட்டிவிட்டு மைக்கை அருகில் இழுத்துக்கொண்டாள். மஸ்ஹி, என்றாள். எழுத்துக்கூட்டிச் சொன்னாள். பொருளும் சொன்னாள்.

நடுவர் அகராதியைப் புரட்டினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி புரட்டினார். அப்படி ஒரு சொல் இல்லை குழந்தாய், என்று மெதுவாகச் சொன்னார். என் மகள் பதறவில்லை. இருக்கிறது மேடம் என்றாள். உங்கள் அகராதியில் இல்லாமல் இருக்கலாம், என் அம்மாவின் வேலையே இதுதான், இதோ பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், வேண்டுமானால் கேளுங்கள், என்றாள்.

கூடம் முழுக்கத் திரும்பியது. நடுவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மரியாதையாகத்தான் கேட்டார், உண்டா என்று. கூட்டாளியின் அம்மா பக்கத்திலிருந்து என் முழங்கையைத் தொட்டு ஊக்கப்படுத்தினார். நான் எழுந்து நின்றேன். உண்டு என்றால் பொய். இல்லை என்றால் அத்தனை பேர் முன்னால் என் மகள் பொய் சொன்னவள் ஆவாள். இரண்டுக்கும் நடுவில் சொல்வதற்கு ஏதாவது இருந்திருக்கும், கெட்டிக்காரத் தாய்மார் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். என் மகள் மேடையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு இறங்கியது. நான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

எதிர் அணிக்குக் கோப்பை. இவர்களுக்குச் சான்றிதழ். கூட்டாளிப் பெண் அழுதாள், அவளுடைய அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போகும்போது எனக்கு நமஸ்காரம் சொன்னார். லேர்னட் என்று சொன்னவர் அவர்தான்.

என் மகள் அழவில்லை. பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் நின்றாள். புது ஷூ பெரிதாக இருந்ததால் குதிகால் வெளியே வந்து வந்து போனது.

"அது நெஜமாவே வேர்ட் இல்லையா?" என்று கேட்டாள்.

"வேர்டுதான். இங்கிலீஷ் இல்ல, தமிழ். முழின்னு சொல்லணும். எங்க அம்மா என்னத் திட்டும்போது சொல்லுவா. ஒருநா இருபது சேரல, நான் அத போட்டுட்டேன்."

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆட்டோ வந்து நின்று, நாங்கள் ஏறாததால் போயிற்று.

"அப்போ உனக்குத் தெரியும்," என்றாள். "அன்னிக்குக் காலைல கிச்சன்ல நோட்ட வெச்சுட்டு நின்னுட்டே இருந்தே. அந்தப் பேஜ்தான் தொறந்திருந்தது. நான் ஒனக்கு அது புடிச்சிருக்குன்னு நெனச்சேன்."

தெரியாது என்று சொல்ல வழியில்லை. தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் தலையை நிமிர்த்தி என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள், பாடம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு மேடையில் சொன்ன அதே குரலில், நான் எழுதிய அந்த ஆங்கில வரியை எழுத்து மாறாமல் சொன்னாள். சொல்ல வேண்டியது தெரிந்தும் சொல்ல முடியாமல் நிற்பவரின் பார்வை.

"மீனிங் மட்டும் கரெக்டா எழுதிருக்கே," என்றாள்.

எங்கள் பஸ் வந்தது. அவள் எனக்கு முன்னால் ஏறி, இரண்டு பேர் உட்காரும் இருக்கையை விட்டுவிட்டு, ஒருவர் உட்காரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.